பேப்பர் இல்லை என்றது லினக்ஸ்

என் கணவரிடம் இரண்டு விஷயங்களைப் பற்றி யாரும் குறை சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. ஒன்று அவருடைய திருநெல்வேலிப் பக்கத்துத் தேங்காய்ப்பால் சொதி. இன்னொன்று லினக்ஸ். சொதியை நான் கல்யாணமான முதல் மாதமே ஒத்துக்கொண்டுவிட்டேன். லினக்ஸை ஒத்துக்கொள்ள ஒரு விஜயதசமி வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. செங்கல்பட்டில் ஏரிப் பக்கம் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அவருக்குக் கடலோரத்து ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை. காலையில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் ஆபீஸ் பஸ்ஸில் ஏறினால் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புவார். நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக எம்.ஃபில். படித்துவந்தேன். படித்துவந்தேன் என்று சொல்வது மரியாதைக்காக. உண்மையில் அது பரணில் போட்ட அண்டா மாதிரி வருஷக்கணக்காகக் கிடந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய கெடு ஒருமுறை மகள் பிறந்ததால் தள்ளிப்போனது. அடுத்த முறை மாமியாரின் ஆபரேஷனால் தள்ளிப்போனது. பல்கலைக்கழகம் இரண்டு முறையும் நீட்டிப்புக் கொடுத்தது. இரண்டாவது கடிதத்தின் கடைசி வரியில், இதற்குமேல் நீட்டிப்பு கிடையாது, தவறினால் பதிவு ரத்தாகும் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கெடு நாள், விஜயதசமிக்கு மறுநாளாக அமைந்தது.

கம்ப்யூட்டர் எங்களிடம் வந்த கதை சின்னது. யாரோ ஏலத்தில் எடுத்து, இரண்டு கை மாறி, கடைசியில் எங்கள் வீட்டு மேஜைக்கு வந்துசேர்ந்த பழைய மிஷின். விண்டோஸ் போட்டால் மூச்சு வாங்கியது. அலுவலக நண்பர் ஒருவர் கொடுத்த சி.டி.யை வைத்து இவர் அதில் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை ஏற்றினார். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஐந்தாவது ஞாயிறு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கணக்குச் சமன்பாடுகளை எப்படி அடிப்பது என்று காட்டினார். புத்தகத்தில் அச்சடித்த மாதிரியே திரையில் வந்து நின்றன. அதைப் பார்த்து நான் மயங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆய்வேடு முழுவதையும் அதிலேயே அடித்தேன். மகளைத் தூங்கவைத்துவிட்டு ஒரு பக்கம், பரீட்சைத் தாள் திருத்திவிட்டு அரைப் பக்கம் என்று அறுபத்து நான்கு பக்கங்கள்.

என் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. அவன் கருங்குழியில் டைப்பிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்து, பிறகு அதையே கம்ப்யூட்டர் சென்டராக மாற்றியவன். அவனிடம் இருந்ததெல்லாம் விண்டோஸ். நான் அடித்த ஃபைலை ஒருமுறை ஃப்ளாப்பியில் கொண்டுபோய் அவன் மிஷினில் போட்டுப் பார்த்தபோது, ஒரு சமன்பாட்டுக்குப் பதிலாக அடைப்புக்குறிகளும் சாய்கோடுகளும் வரிசை கட்டி நின்றன. இவ்வளவு படித்துவிட்டு இதையா அடித்தாய் என்று அண்ணன் கேட்டான். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டி.டி.பி. கடைகளிலும் அதே கதைதான். அதனால் என் ஆய்வேடு வெளியே வர ஒரே வழி எங்கள் வீட்டு மிஷின். அதற்கு ஒரு பிரிண்டர் வேண்டும்.

பிரிண்டரும் கைமாறி வந்ததுதான். இருபத்து நான்கு ஊசி வைத்த டாட் மேட்ரிக்ஸ். முன்பக்கம் மூன்று விளக்குகள் உண்டு. அதில் பவர் விளக்கு மட்டும்தான் எரியும், மற்ற இரண்டும் எப்போதோ கண்ணை மூடிவிட்டன. தாளை ஒவ்வொன்றாகக் கையால் செருக வேண்டும். அது வந்த அன்றே இவர் மாட்டிப் பார்த்தார். முதல் தாளில் எழுத்து விழுந்தது. ஆனால் ஒவ்வொரு வரியும் முந்தின வரி முடிந்த இடத்தில் ஆரம்பித்து, படிக்கட்டில் இறங்குவதுபோல் வலது ஓரத்துக்குப் போய் மறைந்தது. லினக்ஸ் புதுவரிக்குப் போகச் சொல்லும், ஓரத்துக்குத் திரும்பச் சொல்லாது, அதை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று இவர் விளக்கினார். பிரிண்டருக்கான விவரங்கள் இருக்கும் ஒரு கோப்பைத் திறந்தார். அதில் ஒரு முக்காற்புள்ளி விட்டுப்போனாலும் எல்லாம் நின்றுவிடும். இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டி, சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் சாயந்திரம், என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தை நேராக அச்சடித்துக் காட்டினார். இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட வைக்கிறேன் என்று மறுபடி உட்கார்ந்து எதையோ மாற்றினார். நான் வேண்டாம் என்றேன். பாத்துக்கிடலாம் என்றார். எதற்கெடுத்தாலும் அவர் சொல்வது அதுதான்.

என் எம்.ஃபில். கைடு கடைசித் திருத்தங்களை அன்று மதியம்தான் கொடுத்திருந்தார். அவற்றையும் அன்றே சேர்த்துவிட்டேன். மறுநாள் சரஸ்வதி பூஜை.

இங்கேதான் என் புத்தியைச் சொல்ல வேண்டும். காலையிலேயே அச்சடித்து முடித்துவிடலாமே என்று இவர் கேட்டார். நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அன்றைக்கு யாரும் படிக்க மாட்டோம், எழுத மாட்டோம். பூஜையில் வைத்த பொருளை மறுநாள் புனர்பூஜை முடிகிற வரை தொட மாட்டோம். அதிலும் நான் டீச்சர். கையெழுத்துப் பிரதி, ஃப்ளாப்பி, கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு துண்டு வாழையிலையில் பொரி, பொட்டுக்கடலை, வெல்லம் வைத்தேன். இவர் ஓரமாக நின்று பார்த்தார். பிரிண்டருக்குமா என்று மட்டும் கேட்டார். அதுதானே நாளைக்கு வேலை செய்யப்போகிறது என்றேன். கற்பூரம் காட்டும்போது, சாமி, இந்த ஒரு தடவை மட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

விஜயதசமி காலை ஏழரை மணிக்குப் புனர்பூஜை முடிந்தது. மகளைப் பக்கத்து வீட்டுக் கொலுவுக்கு அனுப்பிவிட்டு, எட்டு மணிக்கு இவர் தாளைச் செருகி, கம்ப்யூட்டரை அச்சடிக்கச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது: பேப்பர் இல்லை.

தாள் செருகித்தான் இருந்தது. எடுத்துவிட்டு மறுபடி செருகினார். பேப்பர் இல்லை. வேறு தாள். பேப்பர் இல்லை. கேபிளைக் கழற்றி மாட்டினார். இரண்டையும் அணைத்து ஏற்றினார். அந்தப் பழைய மிஷின் எழுந்து வருவதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம். எழுந்து வந்து அதே வரியைச் சொன்னது.

பூஜைக்கு முந்தின நாள் சாயந்திரம், வேகமாக ஓட வைக்கிறேன் என்று மாற்றினாரே, அதுதான் வினை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவருக்கும் அதே சந்தேகம்தான். ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்ததைப் பார்த்து, மாற்றியதையெல்லாம் ஒன்றொன்றாகப் பழையபடி வைத்தார். பலனில்லை. லினக்ஸ் சி.டி. கொடுத்த நண்பரின் குவார்ட்டர்ஸுக்குப் போன் செய்தார். நண்பர் தங்கைக்கு வரன் அமையத் திருவிடந்தை கோவிலுக்கு மாலை வாங்கிச் சாத்தப் போயிருக்கிறார், சாயந்திரம்தான் வருவார் என்று அவர் அம்மா சொன்னார்கள்.

பத்து மணிக்கு அண்ணன் வந்தான். பண்டிகைக்கு வந்தவன், நிலைமையைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான். தன் சென்டர் பூட்டியிருக்கிறது, திறந்தாலும் இந்த ஃபைல் அங்கே ஓடாது என்பது அவனுக்கே தெரியும். ஆனால் இத்தனை நாளாகச் சேர்த்துவைத்ததைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் அவனுக்குக் கிடைக்காது.

"இன்னா மாப்ள, பேப்பர் கண்ணு முன்னால கீது, உங்க லினக்ஸு இல்லன்னுதே. அதுக்கு மொதல்ல ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்க" என்றான்.

இவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குனிந்தபடி எதையோ தட்டிக்கொண்டிருந்தார். கழுத்துப் பின்புறம் வியர்த்திருந்தது. வேறு நாளாக இருந்தால் அண்ணனிடம் அரைமணி நேரம் வாதம் செய்திருப்பார்.

பதினொன்றரை ஆயிற்று. ஒரு பக்கம் அச்சாக நாலு நிமிஷம் ஆகும். அறுபத்து நான்கு பக்கங்களுக்கு எவ்வளவு என்று நான் கணக்குப் போட்டேன். கணக்கு டீச்சராக இருப்பதில் இது ஒரு தொல்லை, கெட்ட செய்தி உடனே தெரிந்துவிடும். மறுநாள் விடியற்காலை ரயிலில் ஏறியாக வேண்டும். மெட்ராஸில் கைடிடம் கையெழுத்து வாங்கி, ஜெராக்ஸ் எடுத்து, பைண்டிங் போட்டு, மதியத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அண்ணன் உட்கார்ந்திருக்கிறான் என்றுகூடப் பார்க்கவில்லை.

"குழந்தைக்காக ஒரு தடவை விட்டேன். உங்க அம்மாவுக்காக ஒரு தடவை விட்டேன். இந்தத் தடவை உங்க லினக்ஸுக்காக விடணுமா? ஊர்ல எல்லாரும் வெச்சிருக்கறத நீங்களும் வெச்சிருந்தா எனக்கு இந்தக் கதி வந்திருக்குமா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அண்ணனே கொஞ்சம் சங்கடப்பட்டு, சிகரெட் பிடிக்கப் போகிறேன் என்று கீழே இறங்கிப்போனான்.

நான் சமையலறைக்குப் போய்ச் சிறிது நேரம் அழுதேன். அழுது முடித்ததும் புத்தி கொஞ்சம் தெளிந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் தினமும் சொல்வது ஒன்று உண்டு. கணக்கில் கொடுத்திருப்பதை நம்பு, அது உனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மாற்றாதே. காலையிலிருந்து அந்த மிஷின் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் அது பொய் சொல்கிறது என்றே எடுத்துக்கொண்டு, பொய்க்குக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறோம். அது உண்மையைச் சொல்கிறது என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும்?

முகத்தைக் கழுவிக்கொண்டு போய் அவரிடம் கேட்டேன், பேப்பர் இருக்கிறதா இல்லையா என்று கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது? பிரிண்டர்தான் சொல்லும் என்றார். பிரிண்டருக்கு யார் சொல்வது? உருளைக்கு அடியில் நாக்கு மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் இருக்கும், தாள் உள்ளே போகும்போது அதை அழுத்தும், அதை வைத்துத் தெரிந்துகொள்ளும் என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"டார்ச்ச எடு" என்றார்.

மூடியைக் கழற்றி, தாள் போகும் வழியில் வெளிச்சம் அடித்தார். நான் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். அந்தக் கறுப்பு நாக்குக்கு அடியில், அதை அழுந்தவிடாமல் முட்டுக்கொடுத்துக்கொண்டு, மஞ்சளாக ஒரு பொட்டுக்கடலை உட்கார்ந்திருந்தது. முழுக்கடலைகூட இல்லை, பாதி. பக்கத்தில் இரண்டு பொரி. பூஜை முடிந்து இலையை எடுக்கும்போது நான்தான் சாய்த்திருக்க வேண்டும்.

லினக்ஸ் காலை எட்டு மணியிலிருந்து சத்தியத்தைச் சொல்லியிருக்கிறது. இவர் மாற்றியதில் ஒரு தப்பும் இல்லை. நேற்றே அச்சடித்திருந்தால் இந்தக் கடலைக்கே வேலை இருந்திருக்காது. நேற்று வேண்டாம் என்றதும் நான், கடலை வைத்ததும் நான், சற்று முன்னால் கத்தியதும் நான்.

என்னுடைய ஹேர்பின்னை வாங்கிக் கடலையை நெம்பி எடுத்தார். பொரியை ஊதித் தள்ளினார். தாளைச் செருகினார். பிரிண்டர் ஒரு தடவை தொண்டையைச் செருமிவிட்டு, கர் கர் என்று அடிக்க ஆரம்பித்தது. என் ஆய்வேட்டின் தலைப்பு முதல் வரியில் நேராக வந்து விழுந்தது. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கர்ணகடூரமான சத்தத்தை அவ்வளவு ஆசையாகக் கேட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சத்தம் கேட்டு அண்ணன் மாடிப்படி ஏறி ஓடிவந்தான்.

"ஓடுதா? இன்னாதான் கோளாறு மாப்ள?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார்: "லினக்ஸ்ல ஒரு செட்டிங் தப்பா இருந்திச்சு மச்சான். இப்ப சரியாயிட்டு."

நான் அவரையே பார்த்தேன். அலுவலகக் கேன்டீனில் லினக்ஸுக்காக வாதம் செய்து பஸ்ஸைத் தவறவிட்டு வந்த மனுஷர். என் அண்ணனிடம் ஒரு நாளும் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுத்ததில்லை. மூடிய இடது கையில் அந்தக் கடலை இருந்தது. அண்ணன் நாற்காலியில் சாய்ந்து, நான் அப்போதே சொன்னேனா இல்லையா என்று ஆரம்பித்தான். இவர் தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த தாளைச் செருகினார். நானும் பேசாமல் இருந்தேன். அதுவும் என் தப்புதான். அந்த நேரத்தில் அச்சு ஓடுவதைத் தவிர வேறு எதிலும் எனக்கு மனசு இல்லை.

பன்னிரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை மாற்றி மாற்றித் தாள் செருகினோம். ஒருவர் செருக, ஒருவர் வந்த பக்கத்தைச் சரிபார்க்க. இடையில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சாப்பிட்டோம். நாற்பத்தோராம் பக்கத்தில் ரிப்பன் மங்கியது. அதை இவர் விரலால் கொஞ்சம் தள்ளிச் சுற்றிவிட்டு, மை கையோடு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். கரண்ட் போகவில்லை. அன்றைக்கு மின்வாரியத்தில் வேலை பார்த்த புண்ணியவான்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். கடைசிப் பக்கம் வெளியே வந்தபோது அண்ணன் கருங்குழிக்குக் கிளம்பிப் போயிருந்தான். போகும்போதும், அடுத்த தடவையாவது விண்டோஸ் போடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

மறுநாள் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அவரும் லீவ் போட்டு என்னோடு வந்தார். பல்கலைக்கழக அலுவலகத்தில் இருந்த அம்மா ஆய்வேட்டைப் புரட்டினார்கள். பக்க எண்களை நிதானமாகப் பார்த்தார்கள். கைடின் கையெழுத்தைப் பார்த்தார்கள். பிறகு ரப்பர் ஸ்டாம்பை எடுத்து முதல் பக்கத்தில் ஒரு குத்து, ஒரு சின்னச் சீட்டில் ஒரு குத்து. சீட்டை என்னிடம் நீட்டி, வைவாவுக்குக் கடிதம் வரும் என்றார்கள். அவ்வளவுதான். இத்தனை வருஷம் தலையில் சுமந்தது அரை நிமிஷத்தில் இறங்கிவிட்டது. வராந்தாவுக்கு வந்ததும் எனக்கு அப்படி ஒரு பசி எடுத்தது.

நேரே வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. கடற்கரைச் சாலை பஸ்ஸில் ஏறினோம். மகாபலிபுரத்தில் இறங்கி, அங்கிருந்து செங்கல்பட்டு பஸ் பிடித்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. ஜன்னல் வழியாக உப்புக்காற்று அடித்தது. சவுக்குத் தோப்புகள் போய்க்கொண்டிருந்தன. அப்போதுதான் கேட்டேன், அண்ணனிடம் ஏன் பொய் சொன்னீர்கள் என்று.

"உங்க அண்ணன் விடுவாரா? அந்தக் கடலைய வெச்சே பொழுதன்னைக்கும் உன்னை ஓட்டுவாரு. நீ அறுபத்து நாலு பக்கம் சரிபாக்கணும்லா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "லினக்ஸைச் சொன்னா அதுக்கு வலிக்கவா போவுது?" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மன்னித்துவிடுங்கள் என்று வாய்வரை வந்தது, பஸ்ஸில் அத்தனை பேருக்கு நடுவில் சொல்ல வரவில்லை.

மகாபலிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. அண்ணனுக்கு ஒரு போன் செய்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சமர்ப்பித்துவிட்டேன் என்றதும் அண்ணன் சந்தோஷப்பட்டான். பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். லினக்ஸில் ஒரு கோளாறும் இல்லை, அது சரியாகத்தான் சொன்னது, பூஜைக் கடலையைப் பிரிண்டருக்குள் கொட்டியது நான்தான் என்றேன். அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, திடீரென்று குரல் மாறிக் கேட்டான்:

"அப்பறம் இன்னாத்துக்கு மாப்ள அப்டி சொன்னாரு? நான் அவ்ளோ ஓட்டிக்கினு இருந்தேனே, கம்முனு கேட்டுக்கினு இருந்தாரே."

"என்னை விட்டுக்குடுக்க மனசில்லாமதான் அண்ணா. நான்தான் அவரை உன் முன்னாடி அப்படிப் பேசிட்டேன். எனக்குக் கிடைச்ச மாதிரி மனுஷன் யாருக்கும் கிடைக்க மாட்டாரு."

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நான் என் கணவரைப் பற்றி என் பிறந்த வீட்டில் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அண்ணன் சரிம்மா என்றான். போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் வெளியே டீக்கடை ஓரமாக, அந்த ஸ்டாம்ப் குத்திய சீட்டைப் பிரித்துவைத்துப் படித்துக்கொண்டு நின்றார். பூத்தின் கண்ணாடிக் கதவு சாத்தியிருந்ததால் நான் சொன்னது ஒன்றும் அவர் காதில் விழுந்திருக்காது. கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், அவரிடம் அந்த நல்ல வார்த்தையை இன்னொரு தடவை சொன்னேன்.